உயிர்ச் சக்கரம் கண்ட ஹான்ஸ் கிரெப்ஸ்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி)

விறகுக் கட்டையை அடுப்பில் வைத்தால் அது எரிந்து வெப்பத்தையும் ஒளியையும் தந்து சாம்பலாகிறது. நாம் உண்ணும் சோறும் நம் உடலில் எரிகிறது. ஆனால் அங்கே தீயும் இல்லை, புகையும் இல்லை. மூச்சு என்பது மெதுவாக நடைபெறும் ஒருவகை எரிதலே என்பதைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லவாய்சியர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே காட்டினார். 180 கிராம் குளுகோசை முழுவதும் எரித்தால் ஏறத்தாழ 686 கிலோ கலோரி ஆற்றல் வெளிப்படும். இவ்வளவு ஆற்றலும் ஒரே நொடியில் வெளிப்படுமானால் எந்தச் செல் தாங்கும்? ஆகவே மாடியிலிருந்து குதிக்காமல் படிப்படியாக இறங்குவதுபோல, செல்லானது குளுகோசிலுள்ள ஆற்றலைச் சிறிது சிறிதாக வெளிக்கொணர்கிறது. அந்தப் படிகள் எவை? அவற்றைக் கண்டவர்கள் யார்?

இக்கேள்விக்குப் பலர் விடை தேடினர். அவர்களுள் நடுநாயகமாக விளங்குபவர் ஹான்ஸ் அடால்ஃப் கிரெப்ஸ். அவர் பெயரைத் தாங்கிய சுழற்சியை நாம் அனைவரும் அறிவோம். பாடநூலில் ஒரு முழுப் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த வட்டத்தைப் பெயர் பெயராக உருப்போட்டுத் தேர்வுத்தாளில் இறக்கி வைக்கிறோம். ஆனால் அது ஏன் வட்டமாக இருக்கிறது, நேர்கோடாக இருந்தால் என்ன என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? அவருடைய வாழ்க்கையைப் படித்த பிறகுதான் அந்த வட்டத்தின் பொருள் எனக்கு விளங்கிற்று. அறிந்ததை என்னுடன் பயிலும் தோழர் தோழியருக்கும் சொல்லவேண்டும் என்ற ஆவலே இக்கட்டுரை.

பிறப்பும் கல்வியும்

ஜெர்மனி நாட்டின் ஹில்டெஸ்ஹைம் என்னும் பழமையான ஊரில் 1900ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் கிரெப்ஸ் பிறந்தார். தந்தை ஜார்ஜ் கிரெப்ஸ் காது மூக்கு தொண்டை மருத்துவர். குடும்பம் யூத மரபைச் சேர்ந்தது. தந்தையைப் போலவே தாமும் மருத்துவராக வேண்டும் என்பதுதான் இளைஞர் கிரெப்சின் எண்ணம். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில், 1918இல், முதல் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில் படையில் சேர்க்கப்பட்டார். இரண்டு மாதங்களில் போர் முடிந்தது. திரும்பி வந்தவர் கோட்டிங்கன், ஃப்ரைபர்க், மியூனிக், பெர்லின் ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்று, 1925இல் ஹாம்பர்க் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

நோயைத் தீர்ப்பதைவிட, நோயற்ற உடல் எப்படி இயங்குகிறது என்று அறிவதில் அவர் மனம் ஈடுபட்டது. அதற்கு வேதியியல் வேண்டும் என்று உணர்ந்து, மருத்துவப் பட்டம் பெற்ற பின்னும் மாணவராகி வேதியியல் பயின்றார்.

வார்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில்

1926இல் பெர்லின் நகரின் டாலெமில் இருந்த கெய்சர் வில்ஹெல்ம் ஆய்வு நிறுவனத்தில் ஓட்டோ வார்பர்க்கிடம் உதவியாளராகச் சேரும் வாய்ப்பு கிரெப்சுக்குக் கிட்டியது. செல்களின் சுவாசத்தை ஆராய்வதில் அந்நாளில் வார்பர்க்கை விஞ்சியவர் எவரும் இலர் எனலாம். 1931இல் நோபல் பரிசு பெற்ற மேதை அவர். கண்டிப்பும் மிக்கவர். வாரத்தில் ஆறு நாள், காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை ஆய்வுக்கூடத்தில் இருந்தாக வேண்டும்.

அங்கே கிரெப்ஸ் இரண்டு கலைகளைக் கற்றார். முதலாவது, உயிருள்ள உறுப்பிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் மெல்லிய சீவல்களை எடுப்பது. அவ்வளவு மெல்லியதாக இருந்தால் ஆக்சிஜன் உள்ளே ஊடுருவும். உடலை விட்டுப் பிரிந்த பின்னும் திசு சில மணி நேரம் உயிரோடு சுவாசிக்கும். இரண்டாவது, அந்தச் சுவாசத்தை மானோமீட்டர் என்னும் கருவியால் அளப்பது. சிறு கண்ணாடிக் குடுவையில் திசுவை இட்டு, வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். வெளிவரும் கரியமில வாயுவைக் குடுவைக்குள் இருக்கும் காரம் உறிஞ்சிக்கொள்ளும். திசு எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவுக்குக் குடுவையுடன் இணைந்த வளைந்த குழாயில் திரவம் இடம் பெயரும். அதை அளவுகோலில் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மூச்சு ஒரு கண்ணாடிக் குழாயில் ஏறி இறங்குவதைக் கண்ணால் காணலாம்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1930இல் கிரெப்ஸ் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. இவர் ஆராய்ச்சியாளராக நிலைத்து நிற்பார் என்ற நம்பிக்கை வார்பர்க்குக்கு இல்லை. மருத்துவத் தொழிலுக்குத் திரும்புவதே நல்லது என்று கருதினார். உலகப் புகழ் பெற்ற ஆசிரியர் தம்மைப் பற்றி இப்படி எண்ணுகிறார் என்று அறியும் முப்பது வயது இளைஞனின் மனநிலை எப்படி இருந்திருக்கும்! கிரெப்ஸ் ஆல்டோனாவில் இருந்த மருத்துவமனையில் பணியேற்றார். அடுத்த ஆண்டு ஃப்ரைபர்க் பல்கலைக்கழக மருத்துவமனைக்குச் சென்றார். பகலில் நோயாளிகளைப் பார்க்கும் கடமையும் இருந்தது. ஆனால் திசுச் சீவலையும் மானோமீட்டரையும் அவர் கைவிடவில்லை.

முதல் சுழற்சி

உடலில் புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியா நஞ்சு. அதைக் கல்லீரல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. எவ்வாறு மாற்றுகிறது என்பது அன்று தெரியாது. கிரெப்சும், குர்ட் ஹென்செலைட் என்னும் மருத்துவ மாணவரும் கல்லீரல் சீவல்களில் ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துப் பார்த்தனர். ஆர்னிதின் என்னும் அமினோ அமிலத்தைச் சிறிதளவு சேர்த்தபோது யூரியா மிகுதியாக உண்டாயிற்று. வியப்பு என்னவென்றால், அந்த ஆர்னிதின் செலவாகவில்லை! போட்டது சிறிது, கிடைத்த யூரியாவோ அதைவிடப் பல மடங்கு.

செலவாகாமல் இது எப்படி முடியும்? ஆர்னிதின் அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் ஏற்று சிட்ருலின் ஆகிறது. பின் ஆர்ஜினின் ஆகிறது. ஆர்ஜினின் யூரியாவை உதிர்த்துவிட்டு மீண்டும் ஆர்னிதினாகத் திரும்புகிறது. உயிர் வேதியியலில் தெளிவாக நிறுவப்பட்ட முதல் வளர்சிதை மாற்றச் சுழற்சி இதுவே. 1932இல் இக்கண்டுபிடிப்பு வெளியானது. ஆராய்ச்சிக்கு ஏற்றவரல்லர் என்று கருதப்பட்டவர், ஆசிரியரின் நிழலை விட்டு வந்த இரண்டே ஆண்டுகளில் உலகறிந்த அறிஞர் ஆனார்.

பறிபோன பதவி

புகழ் வந்த மறு ஆண்டே இடி விழுந்தது. 1933 ஜனவரியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் மாதம் 7ஆம் நாள் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் பிறந்தது. சில நாட்களிலேயே கிரெப்சின் கைக்கும் பணிநீக்க ஆணை வந்து சேர்ந்தது. என்ன குற்றம் செய்தார்? எந்தக் குடும்பத்தில் பிறந்தார் என்பதைத் தவிர வேறு குற்றம் இல்லை. பிறப்பைக் கொண்டு மனிதனின் தகுதியை அளக்கும் கொடுமை எந்த நாட்டில் நடந்தாலும் கொடுமையே அன்றோ?

அப்போது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்து ஒரு கரம் நீண்டது. வைட்டமின் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற சர் ஃபிரெடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ், தம் உயிர் வேதியியல் துறைக்கு வருமாறு கிரெப்சை அழைத்தார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பொருளுதவி செய்தது. 1933 ஜூன் மாதம் கிரெப்ஸ் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். அவருடன் சென்ற உடைமைகளுள் விலைமதிப்பற்றவை மானோமீட்டர்களே. நகையும் நாணயமும் எடுத்துச் செல்லவேண்டிய வேளையில் கண்ணாடிக் குழாய்களை எடுத்துச் சென்ற அந்த மனிதரை எண்ணிப் பார்க்கிறேன். வேலையைப் பறிக்கலாம்; ஊரை விட்டுத் துரத்தலாம்; கைக்கு வந்த வித்தையை எவராலும் பறிக்க இயலாது.

1935இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் மருந்தியல் விரிவுரையாளராகப் பணியில் அமர்ந்தார். இரும்புத் தொழிலுக்குப் பெயர் பெற்ற அந்தப் புகை சூழ்ந்த நகரில்தான் அவருடைய பெரும் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது.

புறாவின் மார்புத் தசை

ஓயாமல் சிறகடிக்கும் புறாவின் மார்புத் தசை மிக விரைவாகச் சுவாசிக்கும். அதை நறுக்கிக் கூழாக்கிக் குடுவையில் இட்டால் முதலில் ஆக்சிஜனை நிறைய உட்கொள்ளும். நேரம் செல்லச் செல்லத் தளர்ந்துவிடும். அங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி, சக்சினிக், ஃபியூமரிக், மாலிக், ஆக்சலோ அசிட்டிக் ஆகிய அமிலங்களுள் ஒன்றைச் சிறிதளவு சேர்த்தால் தளர்ந்த சுவாசம் மீண்டும் தலைநிமிர்வதைக் கண்டிருந்தார். 1937இல் ஜெர்மனியின் மார்ஷியசும் நூப்பும் சிட்ரிக் அமிலம் எவ்வாறு ஆல்ஃபா கீட்டோ குளுட்டாரிக் அமிலமாக மாறுகிறது என்று வெளியிட்டனர். அது சக்சினிக் அமிலமாகும் என்பதும் தெரிந்ததே. எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலத்தில் தொடங்கி ஆக்சலோ அசிட்டிக் அமிலத்தில் முடியும் ஒரு நீண்ட பாதை இவ்வாறு துண்டு துண்டாகக் கிடைத்துவிட்டது.

கிரெப்சும் அவருடைய ஆய்வு மாணவர் வில்லியம் ஆர்தர் ஜான்சனும் சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தனர். அந்தச் சிட்ரிக் அமிலம் முழுவதும் எரிந்துபோகத் தேவையான ஆக்சிஜன் எவ்வளவோ அதைவிட மிகுதியான ஆக்சிஜனைத் தசை உட்கொண்டது. அப்படியானால் எரிவது சிட்ரிக் அமிலம் மட்டுமன்று. அதன் துணையால் வேறொன்றும் எரிகிறது! ஆர்னிதின் நாடகம் இங்கேயும் நடக்கிறதோ என்று கிரெப்சுக்குத் தோன்றியது. சுழற்சியை ஒரு முறை கண்டவர் கண்ணுக்கே மறுமுறையும் அது தென்படும்.

அதை மெய்ப்பிக்க அவர் செய்த சோதனை அழகானது. மலோனிக் அமிலம் என்று ஒரு பொருள் உண்டு. அது சக்சினிக் அமிலத்தைப் போலவே உருவம் கொண்டது. எனவே சக்சினிக் அமிலத்தை ஃபியூமரிக் அமிலமாக மாற்றும் நொதியில் போய் அமர்ந்துகொண்டு வழியை அடைத்துவிடும். ஆற்றுப் பாலத்தை அடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் ஃபியூமரிக் அமிலத்தை மட்டும் இப்போது சேர்க்கிறோம். பாதை நேர்கோடு என்றால் இக்கரையில் சக்சினிக் அமிலம் தோன்ற வழியே இல்லை. ஆனால் தோன்றியது! பாலம் அடைபட்டிருக்க, அக்கரையில் விட்ட ஆள் இக்கரைக்கு வந்து நிற்கிறான் என்றால், ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அந்தச் சுற்றுவழியில் விடுபட்டிருந்த ஒரே கண்ணி ஆக்சலோ அசிட்டிக் அமிலத்திலிருந்து சிட்ரிக் அமிலத்துக்குச் செல்வது. தசைக்கு ஆக்சலோ அசிட்டிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தனர். சிட்ரிக் அமிலம் உண்டாயிற்று. கோட்டின் இரு முனைகளும் இணைந்தன. வட்டம் முழுமை பெற்றது.

வட்டம் ஏன்?

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொன்னால் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். என் தந்தையார் சந்தையில் மூட்டை இறக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறை நாட்களில் சாப்பாடு கொண்டு போகும்போது லாரியிலிருந்து அவர்கள் மூட்டை இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து இருநூறு மூட்டைகளையும் மதியத்துக்குள் கிடங்கில் சேர்த்துவிடுவார்கள். ஐந்து தோள்களால் இருநூறு மூட்டைகள் எப்படி இறங்குகின்றன? தோள் சுமையை இறக்கிவிட்டு வெறுந்தோளாக லாரிக்குத் திரும்பி வருகிறது, அதனால்தான். ஒரு மூட்டைக்கு ஒரு தோள் என்று செலவாகிப் போவதானால் இருநூறு ஆட்கள் வேண்டும். திரும்பி வருவோர் வழியில் நின்றுவிட்டால் எத்தனை மூட்டைகள் இருந்தாலும் லாரி அப்படியே நிற்கும்.

ஆக்சலோ அசிட்டிக் அமிலம் அந்தத் தோளைப் போன்றது. அதில் நான்கு கார்பன் அணுக்கள் உள்ளன. உணவிலிருந்து வரும் இரண்டு கார்பன் சுமையை ஏற்று, ஆறு கார்பன் கொண்ட சிட்ரிக் அமிலம் ஆகிறது. நடக்கும் வழியில் இரண்டு கார்பன்கள் கரியமில வாயுவாக வெளியேறுகின்றன. ஹைட்ரஜன் அணுக்களும் அவற்றோடு ஆற்றல் மிக்க எலக்ட்ரான்களும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இறுதியில் பழைய நான்கு கார்பன் அமிலமாகவே திரும்பி வந்து அடுத்த சுமைக்கு நிற்கிறது. ஆகையால்தான் சிறிதளவு போதுமானதாக இருக்கிறது. புறாத் தசையில் சிட்ரிக் அமிலம் காட்டிய மாயத்தின் இரகசியமும் இதுவே.

என் தந்தையார் காலையில் குடித்துவிட்டுப் போகும் கேழ்வரகுக் கூழின் மாவுச்சத்து குளுகோசாகி, அவருடைய தோள் தசையின் ஒவ்வொரு செல்லிலும் இந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறது என்று எண்ணும்போது, பாடநூலின் அந்தப் பக்கம் எனக்கு வேறு பக்கமாகத் தெரிகிறது.

திரும்பி வந்த கட்டுரை

1937 ஜூன் மாதம் கிரெப்ஸ் தம் கண்டுபிடிப்பைச் சுருக்கமாக எழுதி நேச்சர் என்னும் புகழ்பெற்ற இதழுக்கு அனுப்பினார். ஏழெட்டு வாரங்களுக்குப் போதுமான கடிதங்கள் ஏற்கெனவே கையில் இருப்பதாகச் சொல்லி ஆசிரியர் அதைத் திருப்பிவிட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுரைகளை வெளியிட்டிருந்த கிரெப்சுக்குக் கட்டுரை திரும்பி வந்தது அதுவே முதல் முறை. அவர் சோர்ந்து உட்காரவில்லை, எவரையும் நொந்துகொள்ளவில்லை. முழுக் கட்டுரையாக எழுதி ஹாலந்து நாட்டிலிருந்து வெளிவந்த என்சைமாலஜியா என்ற இதழுக்கு அனுப்பினார். அது அதே ஆண்டில் வெளியானது. இன்று உலகின் எந்த மூலையில் உயிரியல் கற்பித்தாலும் அந்தக் கட்டுரையின் வட்டத்தைக் கரும்பலகையில் வரையாமல் இருக்க இயலாது.

குளுகோசின் முழுப் பயணம்

கிரெப்ஸ் சுழற்சி தனித்து நிற்பதன்று. அதற்கு முன்னும் பின்னும் படிகள் உண்டு. முதற்படி செல்லின் சைட்டோபிளாசத்தில் நிகழும் கிளைக்காலிசிஸ். ஆறு கார்பன் கொண்ட ஒரு குளுகோஸ் மூலக்கூறு, மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாகப் பிளக்கிறது. நிகர வரவு இரண்டே ஏ.டி.பி. மூலக்கூறுகள். இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. எம்டன், மெயர்ஹோஃப் முதலியோர் இப்பாதையைக் கண்டறிந்தனர்.

பின்னர் பைருவிக் அமிலம் மைட்டோகாண்டிரியாவுக்குள் நுழைந்து ஒரு கார்பனைக் கரியமில வாயுவாக இழந்து, இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் தொகுதியாகிறது. அதைச் சுமந்து வந்து சக்கரத்தில் ஏற்றுவது எது என்பது 1937இல் தெரியவில்லை. ஃபிரிட்ஸ் லிப்மன் 1940களில் கோஎன்சைம் ஏ என்ற பொருளைக் கண்டறிந்தார். 1951இல் ஃபியோடர் லைனென் அசிட்டைல் கோஎன்சைம் ஏயை இனம் காட்டினார். அத்துடன் அந்த ஐயம் தீர்ந்தது.

ஒரு குளுகோசுக்குச் சக்கரம் இரண்டு முறை சுழல வேண்டும். நாம் வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவின் பெரும்பகுதி இச்சக்கரத்தில் பிறந்ததே. சக்கரத்தில் நேரடியாகக் கிடைக்கும் ஏ.டி.பி. சிறிதே. ஆற்றலின் பெரும்பங்கை எலக்ட்ரான்கள் எடுத்துச் செல்கின்றன. மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் வரிசையாக அமைந்த புரதங்கள் வழியே அவை படிப்படியாக இறங்கி இறுதியில் ஆக்சிஜனை அடைந்து நீராகின்றன. அவ்வாறு இறங்கும்போது புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை அணை நீர் மதகு வழியே பாய்வதுபோல் திரும்பப் பாயும்போது ஏ.டி.பி. உண்டாகிறது. இக்கருத்தை 1961இல் வெளியிட்ட பீட்டர் மிட்செல் 1978இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு குளுகோசுக்கு 36 அல்லது 38 ஏ.டி.பி. என்று பழைய நூல்கள் கூறும். 30 முதல் 32 வரை என்பதே இன்றைய கணக்கு. மூச்சு நின்றால் சில நிமிடங்களில் உயிர் பிரிவது ஏன் என்பதும் இதனால் விளங்கும். எலக்ட்ரான்களை ஏற்க ஆக்சிஜன் இல்லையென்றால் இந்த வரிசை முழுவதும் தேங்கிவிடும், சக்கரமும் நின்றுவிடும்.

புகழும் பணியும்

1938இல் மார்கரெட் ஃபீல்டுஹவுஸ் என்னும் ஆங்கிலேயப் பெண்மணியை கிரெப்ஸ் மணந்தார். அவர்களுக்கு இரண்டு புதல்வர்களும் ஒரு புதல்வியும் பிறந்தனர். புதல்வருள் ஒருவரான ஜான் கிரெப்ஸ் பறவைகளின் நடத்தையை ஆராய்ந்து புகழ் பெற்ற விலங்கியல் அறிஞர். 1939இல் கிரெப்ஸ் பிரிட்டிஷ் குடிமகனானார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், போரில் ஈடுபட மனச்சான்று இடம் தராத தொண்டர்களைக் கொண்டு வைட்டமின் ஏ, வைட்டமின் சி ஆகியவற்றின் தேவையை ஆராயும் பணியிலும் ஈடுபட்டார். 1945இல் ஷெஃபீல்டில் உயிர் வேதியியல் பேராசிரியரானார்.

1953ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு கிரெப்சுக்கும் லிப்மனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. லிப்மனும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதரே. அவரும் டாலெமில் மெயர்ஹோஃபின் ஆய்வுக்கூடத்தில் பயின்றவரே. வேண்டாம் என்று ஒரு நாடு தள்ளிய இருவரை உலகமே அழைத்து மாலையிட்டது. 1954இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கிரெப்சைப் பேராசிரியராக ஏற்றது. 1958இல் சர் பட்டம் வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு அவர் தம்மைக் குறைவாக மதிப்பிட்ட வார்பர்க்கை எவ்வாறு நினைத்தார் என்பது அறியத்தக்கது. ஆராய்ச்சி செய்யும் முறையையும் நேர்மையையும் கடும் உழைப்பையும் வார்பர்க்கிடமே கற்றதாக நன்றியுடன் எழுதினார். அதோடு நில்லாமல் வார்பர்க்கின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி 1979இல் வெளியிட்டார். ஆசிரியர் தம்மிடம் வைக்காத நம்பிக்கையை எண்ணிக் கசந்துகொள்ளாமல், ஆசிரியர் தந்த கல்வியை மட்டும் எண்ணி நன்றி செலுத்திய அவர் உள்ளம் பெரிது.

குடுவை எடுத்துக் கொடுத்த இளைஞன்

கிரெப்சின் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனிதான் வருகிறது. 1939இல் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த சிறுவருள் ஹான்ஸ் கோர்ன்பெர்க் என்பவரும் ஒருவர். பள்ளிப் படிப்பை முடித்து, 1945இல், பதினேழு வயதில், கிரெப்சின் ஆய்வுக்கூடத்தில் கடைநிலைத் தொழில்நுட்பப் பணியாளாக அவர் வேலைக்குச் சேர்ந்தார். அந்த இளைஞனின் ஆற்றலைக் கிரெப்ஸ் கண்டுகொண்டார். உதவித்தொகைக்கு விண்ணப்பித்து அதே பல்கலைக்கழகத்தில் படிக்குமாறு தூண்டினார். கோர்ன்பெர்க் 1949இல் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார், பின்னர் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். 1957இல் ஆசிரியரும் மாணவரும் இணைந்து கிளைஆக்சலேட் சுழற்சியை உலகுக்கு அறிவித்தனர். முளைவிடும் ஆமணக்கு விதை தன்னிடமுள்ள எண்ணெயைச் சர்க்கரையாக மாற்றுவது இச்சுழற்சியின் துணையால்தான். கோர்ன்பெர்க் 1975இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உயிர் வேதியியல் பேராசிரியரானார். முன்னொரு நாள் ஹாப்கின்ஸ் அமர்ந்து, நாடிழந்து வந்த கிரெப்சை வரவேற்ற அதே இருக்கை அது!

ஹாப்கின்ஸ் கிரெப்சுக்குச் செய்ததை கிரெப்ஸ் கோர்ன்பெர்க்குக்குச் செய்தார். வாங்கியதைத் தம்மோடு முடித்துக்கொள்ளாமல் அடுத்தவருக்குக் கொடுத்தார். அவர் கண்ட சக்கரத்தின் இயல்பும் இதுதானே?

1967இல் ஓய்வு பெற்ற பின்னும் கிரெப்ஸ் ஆய்வை நிறுத்தவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் மருத்துவமனையில் தம் குழுவினருடன் தொடர்ந்து உழைத்தார். 1981 நவம்பர் 22ஆம் நாள், தமது எண்பத்தோராம் வயதில் காலமானார்.

மாணவ நண்பர்களே! நம்முள் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். படித்து என்ன ஆகப்போகிறது, சீக்கிரம் ஒரு வேலைக்குப் போனால் வீட்டுக்கு உதவுமே என்ற பேச்சு நம் காதில் விழாத நாளில்லை. அதைச் சொல்பவர்களும் தீயவர்கள் அல்லர். அவர்கள் கண்ட வறுமை அவர்களை அவ்வாறு பேசச் செய்கிறது. அடுத்த ஆண்டு பட்டம் முடிந்தபின் நான் எம்.எஸ்ஸி. படிப்பேனா, வேலைக்குச் செல்வேனா என்பது எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. முடிவு எதுவாயினும், கற்பது என் கையோடு வரும் என்பதைக் கிரெப்சின் வாழ்க்கை எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

எங்கள் தெருவில் மேல்நிலை வகுப்பில் உயிரியல் பயிலும் பெண்கள் மூவர் இருக்கிறார்கள். மாலை நேரங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். எட்டு அமிலங்களின் பெயர்களை ஒப்பிக்கச் சொல்வதற்கு முன்னால், மலோனிக் அமிலத்தால் பாலத்தை அடைத்த கதையைச் சொன்னேன். சக்சினிக் அமிலம் எப்படி இக்கரைக்கு வந்திருக்கும் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவர்களுள் ஒருத்தி சற்று நேரம் யோசித்துவிட்டு, சாக்குக்கட்டியை வாங்கித் தரையில் தானே ஒரு வட்டம் போட்டாள்.